தூத்துக்குடிக் கடற்கரையும் காற்றாலைக் கழிவும்: முள்ளக்காடு முதல் இன்று வரை

தூத்துக்குடி நகரிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் உள்ள ஊர் முள்ளக்காடு. இந்தியாவில் மின்தொகுப்புடன் இணைந்த காற்றாலைப் பண்ணைகள் முதன்முதலில் அமைக்கப்பட்ட இடங்களுள் இதுவும் ஒன்றாகும். 1986ஆம் ஆண்டில் குஜராத்தின் ஓக்கா, மகாராட்டிரத்தின் இரத்தினகிரி, தமிழ்நாட்டின் தூத்துக்குடி ஆகிய கடற்கரைப் பகுதிகளில் தலா 55 கிலோவாட் திறன் கொண்ட டென்மார்க் நாட்டுக் காற்றாலைகள் நிறுவப்பட்டன. அதே ஆண்டில்தான் பழைய திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து சிதம்பரனார் மாவட்டம் (இன்றைய தூத்துக்குடி மாவட்டம்) பிரிக்கப்பட்டது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைக் கொண்ட கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டதும் அதே 1986இல்தான்.

அன்று தொடங்கிய காற்று மின்சாரம் இன்று தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட் நிறுவுதிறனைத் தாண்டி வளர்ந்துள்ளது. நிலக்கரி எரிக்காமலும் புகை இல்லாமலும் கிடைக்கும் மின்சாரம் என்பதால் அதன் பயன் ஐயத்திற்கு இடமற்றது. ஆனால் காற்றாலையை நிறுவும் செலவு எழுதப்பட்ட அளவுக்கு, அதை அகற்றும் செலவு எங்கும் எழுதப்படவில்லை. முதல் தலைமுறைக் காற்றாலைகள் ஆயுள் முடிந்து நிற்கும் இக்காலத்தில் அந்த எழுதப்படாத செலவு மெல்ல வெளிப்படுகிறது. அதன் வரலாற்றைத் தூத்துக்குடிக் கடற்கரையை நடுவாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

முத்தும் பவளமும்: முந்தைய கணக்குகள்

ஒரு பொருளின் விலையில் சேராத செலவைக் கரையோர மக்கள் சுமப்பது இக்கடற்கரைக்குப் புதிதன்று. கொற்கை காலம் தொட்டு இங்கு முத்துக் குளித்தல் நடந்துவந்தது. பாண்டியர், போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என ஆட்சிகள் மாறினாலும் முறை பெரிதும் மாறவில்லை. கடலடியில் உள்ள 'பார்' எனப்படும் பாறைத் திட்டுகளிலிருந்து சிப்பிகளை அள்ளிவந்து, கரையில் குவித்து, சதை அழுகும்வரை விட்டு, பிறகு கழுவி முத்தைப் பிரித்தெடுத்தனர். ஆயிரக்கணக்கான சிப்பிகளில் சிலவற்றில் மட்டுமே விலைபோகும் முத்து இருந்தது. எஞ்சிய சதை அழுகி நாறியது, ஈக்கள் மொய்த்தன, சலாபக் காலங்களில் காலரா அச்சம் நீங்காமல் இருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் பிடித்த சிப்பிகளில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்குச் சென்றது. மூச்சடக்கி மூழ்கியவர்களுக்கு எஞ்சியது ஒரு பங்கு. பார்கள் வறண்ட ஆண்டுகளில் குளிப்பே நடக்காமல் போனது. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடைபெற்றது.

பவளப்பாறைகளின் வரலாறு இன்னும் அண்மையது. தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தீவுகளைச் சுற்றியிருந்த பவளப்பாறைகள் பல பத்தாண்டுகள் சுண்ணாம்புக்காகவும் தொழிற்சாலைகளின் மூலப்பொருளாகவும் வெட்டியெடுக்கப்பட்டன. வெட்டியவர்களுக்குக் கூலி கிடைத்தது. வாங்கியவர்களுக்கு மலிவான சுண்ணாம்பு கிடைத்தது. அலையைத் தடுத்து நின்ற அரண் போனதற்கு எவரும் விலை வைக்கவில்லை. விளைவாக விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரு தீவுகள் கடலில் மூழ்கின. வான் தீவின் பெரும்பகுதி கரைந்தது. பவளங்கள் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. எஞ்சிய வான் தீவைக் காக்க 2015க்குப் பிறகு அதன் எதிரே கான்கிரீட்டால் ஆன செயற்கைப் பவளத்திட்டுகள் இறக்கப்பட்டன. அதற்கான பணம் பொதுப்பணம். சுண்ணாம்பின் விலையில் சேராத செலவைப் பல பத்தாண்டுகள் கழித்து வேறொரு தலைமுறை செலுத்தியது என்று இதைச் சுருக்கலாம். காற்றாலையின் கணக்கைப் பார்க்கும்போது இந்த முன்வரலாறு நினைவில் இருக்க வேண்டும்.

முள்ளக்காடும் கயத்தாறும்

தமிழ்நாட்டின் தென்கோடியில் காற்று வலுவாக வீசுவதற்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்களே காரணம். தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம் ஆகிய கணவாய்களின் வழியே ஒடுங்கி, விரைவு கூடி, கிழக்கே உள்ள சமவெளியில் இறங்குகிறது. மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களிலேயே ஆண்டு உற்பத்தியின் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது. வானிலை அறிஞர் அன்னா மணி தலைமையில் நடந்த காற்று அளவீட்டுப் பணி எந்தெந்த இடங்கள் காற்றாலைக்கு ஏற்றவை என்பதைத் தரவுகளோடு காட்டியது.

முள்ளக்காட்டைத் தொடர்ந்து கயத்தாறு, முப்பந்தல், புளியங்குளம், கேத்தனூர் முதலிய இடங்களிலும் செயல்விளக்கக் காற்றாலைகள் அமைந்தன. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊராக அறியப்பட்டிருந்த கயத்தாறு, டென்மார்க் அரசின் உதவியுடன் அமைந்த 6 மெகாவாட் பண்ணையால் காற்றாலைத் துறையிலும் பெயர்பெற்றது. பின்னர் சென்னையில் தோன்றிய காற்றாலைத் தொழில்நுட்ப மையம் (இன்றைய தேசியக் காற்று ஆற்றல் நிறுவனம்) தனது சோதனை நிலையத்தையும் கயத்தாற்றிலேயே அமைத்தது. 1986 முதல் 1993 வரை தமிழ்நாடு மின்வாரியம் மொத்தம் 120 காற்றாலைகளை நிறுவியது. அவற்றின் கூட்டுத்திறன் 19.355 மெகாவாட்.

இவை சிறிய இயந்திரங்கள். 55 கிலோவாட் காற்றாலையின் சுழலியின் விட்டம் 15 மீட்டர் அளவே. ஓர் இறக்கையின் நீளம் ஏறத்தாழ ஏழரை மீட்டர். பழுதானால் ஒரு கிரேனும் லாரியும் போதும். எனவே ஆயுள் முடிந்தபின் இவற்றை என்ன செய்வது என்ற கேள்வி அன்று பெரிதாகத் தோன்றவில்லை. ஒப்பந்தங்களிலும் அது இடம்பெறவில்லை.

வரிச்சலுகை தந்த வேகம்

அரசு காட்டிய வழியில் தனியார் முதலீடு பெருகியது 1990களில்தான். அதற்கு முதன்மைக் காரணம் 'விரைவுத் தேய்மானம்' என்னும் வருமானவரிச் சலுகை. ஓர் எடுத்துக்காட்டால் இதை விளக்கலாம். ஒரு நூற்பாலை ஒரு கோடி ரூபாய்க்குக் காற்றாலை வாங்குகிறது என்று கொள்வோம். முதல் ஆண்டிலேயே அந்த ஒரு கோடி முழுவதையும் தேய்மானமாகக் காட்டி இலாபத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். வரி 40 விழுக்காடு என்றால் அந்த ஆண்டின் வரியில் 40 இலட்சம் ரூபாய் குறையும். காற்றாலை ஒரு யூனிட் கூட உற்பத்தி செய்யும் முன்பே முதலீட்டின் பெரும்பங்கு திரும்பிவிட்டதைப் போன்ற நிலை இது.

1990களில் 100 விழுக்காடாக இருந்த இச்சலுகை பின்னர் 80 விழுக்காடானது; 2012 ஏப்ரலில் நிறுத்தப்பட்டு, 2014இல் மீண்டும் வந்தது; 2017 ஏப்ரல் முதல் 40 விழுக்காடாகக் குறைந்தது. இடையில் 2009இல், நிறுவியதற்கன்றி உற்பத்தி செய்த யூனிட்டுக்கு ஊக்கத்தொகை தரும் திட்டமும் வந்தது. நிறுவுவதற்கு மட்டும் பரிசளித்தால் இயந்திரம் எவ்வளவு உழைக்கிறது என்பதில் அக்கறை குறையும் என்பதை அதற்குள் அரசும் உணர்ந்திருந்தது.

இச்சலுகை இல்லாவிட்டால் காற்று மின்சாரம் இவ்வளவு விரைவாக வளர்ந்திருக்காது என்பது உண்மை. ஆனால் அதற்கு இரண்டு பக்கவிளைவுகள் உண்டு. ஒன்று, உரிமை சிதறியது. நூற்பாலைகளும் சிமெண்ட் ஆலைகளும் பிற தொழில் நிறுவனங்களும் ஒன்று, இரண்டு, ஐந்து என வாங்கியதால், ஒரே பொட்டலில் நிற்கும் நூறு காற்றாலைகளுக்குப் பல பத்து உரிமையாளர்கள் ஏற்பட்டனர். மற்றொன்று, முதலீட்டின் கணக்கு முதல் சில ஆண்டுகளிலேயே முடிந்துவிட்டது. வரிப்புத்தகத்தில் மதிப்பு இல்லாமற் போன இயந்திரம், நிலத்தில் மட்டும் இருபது முப்பது ஆண்டுகள் நின்றது. அகற்றுவதற்கென ஒரு தொகையை ஒதுக்கி வைக்கும் கட்டாயம் எவருக்கும் விதிக்கப்படவில்லை.

மின்தொகுப்பு சுமக்கும் செலவு

காற்றாலையின் மறைமுகச் செலவுகளுள் முதலில் வெளிப்பட்டது மின்தொகுப்புச் செலவே. தொடக்ககாலக் காற்றாலைகளின் ஜெனரேட்டர்கள் எளிய வகையின. அவை தம்முள் காந்தப்புலத்தை உருவாக்கிக்கொள்ளத் தேவையான மின்னோட்டத்தை மின்கம்பியிலிருந்தே இழுத்துக்கொள்ளும். சிறிய துணைமின் நிலையம் ஒன்றில் நூற்றுக்கணக்கான காற்றாலைகள் ஒரே நேரத்தில் இவ்வாறு இழுத்தபோது மின்னழுத்தம் சரிந்தது. காற்று வீசியும் காற்றாலைகள் தொகுப்பிலிருந்து விலகி நின்றன. மின்தேக்கிகள் பொருத்துவதையும், மிகுதியாக இழுப்பவர்களிடம் கட்டணம் வாங்குவதையும் மின்வாரியம் நடைமுறைப்படுத்த வேண்டியிருந்தது.

அடுத்தது பருவச் சிக்கல். காற்று மிகுந்த சூன், சூலை மாதங்களில் கிடைக்கும் மின்சாரத்தைக் கணக்கில் வரவு வைத்து, காற்று இல்லாத மாதங்களில் எடுத்துக்கொள்ளும் 'வங்கி முறை' தமிழ்நாட்டில் காற்றாலை உரிமையாளர்களுக்கு வழங்கப்பட்டது. மின்சாரத்தை உண்மையில் எந்த வங்கியிலும் சேமிக்க முடியாது. சூலையில் வந்த யூனிட் சூலையிலேயே செலவாகிவிடும். பிப்ரவரியில் உரிமையாளர் கேட்கும் யூனிட்டை மின்வாரியம் நிலக்கரியில் உற்பத்தி செய்தோ சந்தையில் வாங்கியோ தர வேண்டும். இந்த இரு யூனிட்களின் விலை வேறுபாட்டை யார் ஏற்பது என்பதே மின்வாரியத்துக்கும் உரிமையாளர்களுக்கும் இடையே ஒழுங்குமுறை ஆணையத்திலும் நீதிமன்றங்களிலும் நடந்த பல வழக்குகளின் உட்பொருள்.

1979இல் தொடங்கி ஐந்து அலகுகளாக வளர்ந்த 1,050 மெகாவாட் தூத்துக்குடி அனல்மின் நிலையம், நாள் முழுதும் ஒரே சீராக ஓடுவதற்கென அமைக்கப்பட்டது. காற்றுக் காலத்தில் உற்பத்தியைக் குறைப்பதும் காற்று அடங்கியதும் கூட்டுவதும் இத்தகைய பழைய கொதிகலன்களுக்குத் தேய்மானத்தையும் எரிபொருள் இழப்பையும் உண்டாக்குகின்றன. மறுபுறம், கம்பித்தடம் போதாத ஆண்டுகளில், காற்று வீசியும் உற்பத்தியை நிறுத்தச் சொன்னதால் காற்றாலை உரிமையாளர்களுக்கு இழப்பு ஏற்பட்டது. 'பசுமை ஆற்றல் வழித்தடம்' என்ற பெயரில் பின்னர் அமைந்த உயர் மின்னழுத்தத் தடங்கள் இச்சிக்கலைக் குறைத்தன. அச்செலவு காற்றாலையின் விலைப்பட்டியலில் இல்லை. மின்கட்டணம் வழியாகவும் பொதுநிதி வழியாகவும் மக்கள் செலுத்தியது.

இறக்கை என்னும் சிக்கல்

காற்றாலையின் எடையில் 85 முதல் 90 விழுக்காடு வரை மறுசுழற்சிக்கு ஏற்றது. கோபுரத்தின் எஃகு, ஜெனரேட்டரின் செம்பு, கியர்பாக்ஸின் வார்ப்பிரும்பு ஆகியவற்றைப் பழைய இரும்பு வணிகர்கள் விலை கொடுத்தே வாங்குவர். கியர்பாக்ஸில் உள்ள நூற்றுக்கணக்கான லிட்டர் எண்ணெய், 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்கீழ் வருகிறது. எஞ்சுவன இறக்கைகளும் அடித்தளமும்.

இறக்கை, கண்ணாடியிழையை எப்பாக்சி அல்லது பாலியெஸ்டர் பிசினில் ஊறவைத்து இறுக்கிச் செய்யப்படுவது. இடையே பால்சா மரமோ நுரைப் பலகையோ இருக்கும். புயலையும் வெயிலையும் உப்புக்காற்றையும் இருபது ஆண்டுகள் தாங்கும் அதே வலிமைதான் பின்னர் சிக்கலாகிறது. நெகிழிக் குடத்தை உருக்கி மறுபடி வார்க்கலாம்; இப்பிசினை ஒருமுறை இறுகியபின் உருக்க முடியாது. எரித்தால் கண்ணாடியிழை சாம்பலாக மிஞ்சும். அறுத்தால் நுண்ணிய கண்ணாடித் தூசி பறந்து அறுப்பவரின் நுரையீரலுக்கும் தோலுக்கும் தீங்கு செய்யும். புதைத்தால் மக்காமல் கிடக்கும். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் உள்ள காஸ்பர் நகரக் குப்பைக்கிடங்கில் இறக்கைகளை அறுத்து வரிசையாகப் புதைத்த படங்கள் 2020இல் உலகெங்கும் பரவின. இடம் மிகுந்த அந்நாட்டிலும் அது விவாதத்தை எழுப்பியது.

தமிழ்நாட்டில் இதன் அளவு என்ன? ஒரு மெகாவாட் திறனுக்கு ஏறத்தாழ 10 டன் இறக்கைப் பொருள் என்பது துறையில் பொதுவாகக் கொள்ளப்படும் தோராயக் கணக்கு. 2005ஆம் ஆண்டு வாக்கில் தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் சுமார் 2,000 மெகாவாட்டை எட்டியிருந்தது. அவை இன்று இருபது வயதைக் கடந்தவை. அதாவது, இருபதாயிரம் டன் அளவிலான இறக்கைப் பொருள் கழிவாகும் வாசலில் நிற்கிறது. இன்றைய மொத்தத் திறனையும் சேர்த்தால், அடுத்த இருபது ஆண்டுகளில் அது ஒரு இலட்சம் டன்னைத் தாண்டும்.

இதற்கு வழியே இல்லை என்பதன்று. செருமனியில் இறக்கைகளைத் துண்டாக்கிச் சிமெண்ட் உலையில் இடுகின்றனர். பிசின் எரிபொருளாகவும், கண்ணாடியிழையில் உள்ள சிலிக்கா சிமெண்டின் மூலப்பொருளாகவும் பயன்படுகின்றன. திருநெல்வேலி, விருதுநகர், அரியலூர் பகுதிகளில் சிமெண்ட் ஆலைகள் உள்ள தமிழ்நாட்டிற்கு இது எட்டாத முறையன்று. ஆனால் இறக்கையை அறுத்து, பொடித்து, ஏற்றிச்செல்லும் செலவை ஏற்க வேண்டியவர் யார் என்பது முடிவாக வேண்டும். சூரியத் தகடுகளை 2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள் தம் வரம்புக்குள் கொண்டுவந்துவிட்டன. தயாரிப்பவர் பொறுப்பேற்க வேண்டும். காற்றாலை இறக்கைக்கென்று அத்தகைய தனி விதி இல்லை. கரைக்கத்தக்க பிசினால் செய்த இறக்கைகள் 2021 முதல் ஐரோப்பாவில் வரத்தொடங்கியிருந்தாலும், ஏற்கெனவே நிற்பவற்றுக்கு அவை தீர்வாகா.

அடித்தளத்தின் கதை வேறு. 2 மெகாவாட் காற்றாலை ஒன்றுக்கு 300 முதல் 400 கன மீட்டர் வரை கான்கிரீட் தேவைப்படும். கோபுரத்தைக் கழற்றியபின் அதைத் தோண்டியெடுப்பது செலவு மிக்கது. இரும்பு வணிகருக்கு அதில் இலாபமும் இல்லை. அதனால் அது பெரும்பாலும் மண்ணுக்குள்ளேயே விடப்படும். கயத்தாறு, ஓட்டப்பிடாரம், எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரங்களின் கரிசல் மண்ணில் உளுந்தும் கம்பும் பருத்தியும் விதைப்பவர்க்கு, நிலத்தின் நடுவே அசையாத பாறையொன்று நிலைத்துவிட்டது என்பதே இதன் பொருள். கனரக வாகனங்களுக்காகப் போடும் சாலைகள் ஓடைகளையும் வரத்துக்கால்களையும் மறிக்கும்போது, மழையை நம்பிய குளங்களுக்கு நீர் வருவதும் தடைப்படுகிறது.

காந்தமும் கடற்கரை மணலும்

புதிய வகைக் காற்றாலைகள் சிலவற்றில், குறிப்பாகக் கடலில் நிறுத்தப்படும் பெரியவற்றில், கியர்பாக்ஸ் இல்லாமல் நிலைக்காந்த ஜெனரேட்டர்கள் பயன்படுகின்றன. இக்காந்தங்களுக்கு நியோடிமியம், டிஸ்புரோசியம் முதலிய அருமண் தனிமங்கள் தேவை. இவற்றின் உலக உற்பத்தியில் பெரும்பங்கு சீனாவினுடையது. உள்மங்கோலியாவில் பாவோட்டோ நகரருகே உள்ள கழிவுக்குளம் அத்தொழிலின் விலையை வெளிப்படையாகக் காட்டும் இடம்.

இதில் தென்தமிழகக் கடற்கரைக்கும் பங்குண்டு. இங்குள்ள கடற்கரை மணலில் இல்மனைட், கார்னெட், சிர்கான் ஆகியவற்றுடன் மோனசைட்டும் கலந்துள்ளது. மோனசைட்டில் நியோடிமியமும் உண்டு. கதிரியக்கத் தன்மை கொண்ட தோரியமும் உண்டு. தூத்துக்குடி மாவட்டம் வைப்பாறு பகுதியில் விதிமீறிய தாதுமணல் எடுப்பு பற்றி எழுந்த புகாரைத் தொடர்ந்து, 2013 ஆகஸ்டில் இம்மாவட்டத்தில் தாதுமணல் எடுக்கத் தமிழ்நாடு அரசு தடை விதித்தது. அடுத்த மாதம் தடை திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களுக்கும் நீண்டது. அந்த மணல் காற்றாலைக்காக எடுக்கப்பட்டதன்று. தமிழ்நாட்டில் நிற்கும் பழைய காற்றாலைகளில் இக்காந்தங்களும் இல்லை. ஆயினும் காந்தத் தேவை வளர வளர, அருமண் தாதுவுக்கான பார்வை இக்கடற்கரையின் மீது திரும்புவது இயல்பு. தூய மின்சாரம் என்ற பெயரில் மணல் அள்ளப்பட்டால், அதன் பாதிப்பைச் சுமப்பவர்கள் கரையோர மீனவர்களே.

பழையதை மாற்றும் கொள்கைகள்

காற்று மிகுந்த இடங்களில் முதலில் வந்தவை சிறிய காற்றாலைகள் என்பதால், மிகச் சிறந்த இடங்களை மிகப் பழைய இயந்திரங்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றை அகற்றிப் பெரியவற்றை நிறுவினால் அதே நிலத்தில் பன்மடங்கு மின்சாரம் கிடைக்கும். இதற்கென நடுவண் அரசு 2016 ஆகஸ்டில் ஒரு கொள்கையை வெளியிட்டு, 2023 திசம்பரில் அதைத் திருத்தியது. 2 மெகாவாட்டுக்குக் குறைந்த இயந்திரங்களைக் கணக்கில் கொண்டு, நாட்டில் இவ்வாறு மாற்றத்தக்க திறன் ஏறத்தாழ 25,400 மெகாவாட் என்று தேசியக் காற்று ஆற்றல் நிறுவனம் மதிப்பிட்டது. தமிழ்நாடு அரசு 2024இல் தனது சொந்தக் கொள்கையை வெளியிட்டது.

நடைமுறையில் மாற்றம் மெதுவாகவே நிகழ்கிறது. காற்றாலைகளுக்கு இடையே சுழலி விட்டத்தின் ஐந்து மடங்கும் ஏழு மடங்கும் இடைவெளி விடுவது வழக்கம். 100 மீட்டர் விட்டமுள்ள புதிய இயந்திரத்திற்கு 500க்கு 700 மீட்டர் பரப்பு தேவை. அப்பரப்பில் பழைய காற்றாலைகள் பல நிற்கும். அவற்றுக்கு உரிமையாளர்கள் பலர். எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் ஒன்று எழும்பும். வரிச்சலுகைக் காலத்தில் சிதறிய உரிமை இங்கே தடையாகிறது. புதிய இயந்திரத்துக்கு மாறினால் பழைய வங்கி முறையின் பயன் கிடைக்குமா என்ற கேள்வியும், கட்டணங்கள் பற்றிய கருத்துவேறுபாடும் உரிமையாளர்களைத் தயங்கச் செய்கின்றன. தேய்ந்து ஓடினாலும் கடன் அடைந்துவிட்ட இயந்திரம் இலாபமே தரும் என்பதால், அதை அப்படியே விடுவது அவர்களுக்கு எளிது.

துறைமுகமும் கடற்காற்றும்

வ.உ.சிதம்பரனார் துறைமுகம் இன்று இத்தொழிலின் பெருவாயில். சென்னை வட்டாரத் தொழிற்சாலைகளில் செய்யப்படும் இறக்கைகள் நெடுஞ்சாலையில் நீண்ட வண்டிகளில் வந்து, இங்கிருந்து வெளிநாடுகளுக்குக் கப்பலேறுகின்றன. இவ்வாறு ஏற்றப்பட்டவற்றுள் 81.5 மீட்டர் நீள இறக்கைகளும் உண்டு. முள்ளக்காட்டில் சுழன்ற முதல் இறக்கைகளைவிட இவை பத்து மடங்குக்கு மேல் நீளமானவை. இவற்றை வாங்கும் ஐரோப்பிய நாடுகளில் அகற்றல் பற்றிய விதிகளும் விவாதங்களும் வலுத்துவருகின்றன. செய்து அனுப்பும் நாட்டில் அவை இன்னும் தொடக்க நிலையிலேயே உள்ளன.

அடுத்த கட்டம் கடலில். 2015இல் தேசியக் கடற்காற்று ஆற்றல் கொள்கை வந்தது. 2024 சூனில் நடுவண் அமைச்சரவை, குஜராத்திலும் தமிழ்நாட்டிலும் தலா 500 மெகாவாட் கடற்காற்றாலைகளுக்காக 7,453 கோடி ரூபாய் நிதியுதவித் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. இதில் 600 கோடி இரண்டு துறைமுகங்களை மேம்படுத்துவதற்கு. மன்னார் வளைகுடாவின் காற்று இந்தியாவிலேயே மிக வலுவானவற்றுள் ஒன்று என்பது இதற்கு அடிப்படை. அதே வளைகுடாதான் பவளமும் கடற்புல்லும் கடற்பசுவும் வாழும் உயிர்க்கோளக் காப்பகம். ஆயிரக்கணக்கான மீனவக் குடும்பங்களின் தொழிற்களம். கடல் குத்தகை தொடர்பாக 2023இல் வந்த விதிகள், பணிக்காலம் முடிந்ததும் அமைப்புகளை அகற்றும் பொறுப்பைக் குத்தகைதாரர் மீது வைக்கின்றன. நிலத்தில் நாற்பது ஆண்டுகளாக எழுதப்படாத ஒன்று, கடலில் தொடங்கும் முன்பே எழுதப்பட்டிருப்பது வரவேற்கத்தக்கது.

சாம்பலோடு ஓர் ஒப்பீடு

காற்றாலைக் கழிவைப் பற்றிப் பேசும்போது அதன் அளவை உரிய இடத்தில் வைத்துப் பார்ப்பது முறை. ஒரு யூனிட் அனல் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 0.7 கிலோ நிலக்கரி தேவை. இந்திய நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல் எனக் கொள்ளலாம். 1,050 மெகாவாட் நிலையம் 70 விழுக்காடு அளவில் ஓடினால், ஆண்டுக்குச் சுமார் 15 இலட்சம் டன் சாம்பல் வரும். தமிழ்நாட்டில் இருபது வயதைக் கடந்த காற்றாலைகள் அனைத்தின் இறக்கைகளும் சேர்ந்து, இத்தகைய ஒரு நிலையம் ஐந்து நாளில் தரும் சாம்பலின் எடைக்குச் சமம். எனவே கழிவைக் காரணம் காட்டிக் காற்றாலை வேண்டாம் என்பது கணக்கறியாத வாதம்.

ஆனால் சாம்பலின் வரலாற்றில் மற்றொரு பாடமும் உள்ளது. தூத்துக்குடி அனல்மின் நிலையம் 1979இல் தொடங்கியது. சாம்பலைப் பயன்படுத்தியே ஆகவேண்டும் என்ற நடுவண் அரசின் அறிவிக்கை 1999இல்தான் வந்தது. இடைப்பட்ட இருபது ஆண்டுகளின் சாம்பல் கடலோரக் குளங்களில் தேங்கியது. பவளத்துக்கான காப்பு, பாறைகள் வெட்டித் தீர்ந்தபின் வந்தது. கழிவு குவிந்தபின் விதி வருவதே இக்கடற்கரையின் வழக்கமாக இருந்துள்ளது. காற்றாலைக்கு மட்டுமே இன்னும் அந்தக் குவியல் உருவாகவில்லை. விதியை முன்னதாக எழுத வாய்ப்பு எஞ்சியிருக்கிறது.

அதன் செலவும் தாங்கக்கூடியதே. 2 மெகாவாட் காற்றாலை ஒன்று நல்ல இடத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 47 இலட்சம் யூனிட் தரும். யூனிட்டுக்கு ஐந்து காசு வீதம் அகற்றல் நிதியாக ஒதுக்கினால், இருபது ஆண்டுகளில் வட்டியில்லாமலே 47 இலட்சம் ரூபாய் சேரும். இறக்கையை முறையாக அறுத்துச் சிமெண்ட் உலைக்கு அனுப்பவும், அடித்தளத்தின் மேற்பகுதியையேனும் உடைத்து நிலத்தை உழவுக்குத் திருப்பவும் இது கணிசமாக உதவும். இயந்திரம் உழைக்கும் காலத்தில் சிறுகச் சேர்ப்பது எளிது. உழைப்பு நின்றபின் உரிமையாளரைத் தேடிப் பிடித்து வாங்குவது கடினம்.

மின்வாரியத்தின் செயல்விளக்கக் காற்றாலைகள் இப்போது, 2024இல் உருவான தமிழ்நாடு பசுமை ஆற்றல் கழகத்தின் பொறுப்பில் வருகின்றன. அவற்றைக் கழற்றும்போது இறக்கைகள் எங்கே போயின, அடித்தளங்கள் என்னவாயின, எவ்வளவு செலவானது என்பதை அரசே பதிவுசெய்து வெளியிட்டால், தனியாருக்கான விதிகளை வகுக்க அதுவே போதுமான தொடக்கமாகும். காற்றாலையை நிறுத்துவது எப்படி என்று 1986இல் நாட்டுக்குக் காட்டிய இடங்களுள் முள்ளக்காடும் ஒன்று. அதை முறையாக இறக்குவது எப்படி என்பதையும் அங்கிருந்தே காட்டலாம்.